எட்டாவது கார்டு

போன வாரம் விழுப்புரம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். அவள் போனிலிருந்து ‘சர்ர்ரக்’ என்று ஒரு சத்தம் வந்தது, சீட்டுக்கட்டைக் கட்டைவிரலால் வாரிவிடுகிற மாதிரி. என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அந்தப் பெண் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டாள். நியாயம்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிற முப்பத்தெட்டு வயதுப் பொம்பளையை யார்தான் நம்புவார்கள்? “இல்லம்மா, நானும் ஒரு காலத்துல...” என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ‘ஒரு காலத்துல’ என்று ஆரம்பித்தாலே இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காலையிலேயே வாசலில் நின்றுகொண்டு, காபி குடிக்காத கோபத்தையெல்லாம் என்மேல் காட்டுவார்கள். அதனால் விழுப்புரத்தில் முதல் பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். பெண்கள் பெட்டி. ஈரத் தலைமுடி, அப்போதுதான் கட்டிய மல்லி, யாரோ அவசரத்தில் திறந்துவிட்ட புளிச்சோறு, இதற்கு நடுவில் என் கையிலிருந்து எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஸ்பிரிட் வாசனை. இப்போதும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகில் கொண்டுபோனால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை, ரயில்தான் வருகிறது.

புதுப் போன் வாங்கியிருந்தேன். பொங்கலுக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஆடுவோமே, ‘கழுதை’ சீட்டாட்டம், அந்த மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று ‘கார்டு’ என்று தேடி, முதலில் வந்ததை இறக்கினேன். வந்ததோ வேறு. ஒரு காடு, ஒரு இடிந்த கோட்டை, அதைக் காவல் காக்கிற பூதங்கள், நடுவில் கையில் கத்தியோடு நான். கீழே வரிசையாக எட்டுக் கார்டு. ஒன்றைத் தொட்டு மேலே இழுத்தால் அதில் இருக்கிற ஜந்து உயிரோடு குதித்து வந்து என் பக்கம் நின்று சண்டை போடும். ஒன்று நெருப்புக் கக்கும், ஒன்று என் காயத்தை ஆற்றும். ஒரு கட்டைவிரலால் ஓட வேண்டும், இன்னொரு கட்டைவிரலால் வெட்ட வேண்டும், சரியான நேரம் பார்த்துச் சரியான கார்டை இறக்க வேண்டும். ஜெயித்தால் புதுக் கார்டு கிடைக்கும். வேண்டாத கார்டை வேண்டிய கார்டோடு சேர்த்துவிடலாம். மெர்ஜ் பண்ணுவது என்போம். சேர்த்தால் வேண்டியதற்குப் பலம் ஏறும், வேண்டாதது அதற்குள் கரைந்துவிடும். கரைந்தது திரும்பி வராது.

பெட்டியில் எனக்கு நல்ல பேர் இல்லை. எதிர் சீட்டில் கூடையோடு வருகிற பூக்காரம்மாவுக்கு நான் செய்வது சூதாட்டம்.

“காலங்காத்தால பொம்பளப் புள்ள சீட்டு ஆடிக்கினு போவுது பாரு.”

“சீட்டு இல்லம்மா. இது சண்ட.”

“சண்டையா? அது வூட்லயே நெறைய கீதே. அதுக்கு எதுக்கு ஒரு போனு?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, அந்தம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

கலைவாணி அக்கா விக்கிரவாண்டியில் ஏறுவார். மயிலத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, முகத்தில் எப்போதும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு பரபரப்பு. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஒருநாள் நான் ஒரு கல் ராட்சதனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “அய்யோ, அந்தத் தீக்குதிரய எறக்கு! ஜல்தி, ஜல்தி!” இறக்கினேன், ஜெயித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் தன் போனை எடுத்து நீட்டுகிறார். அதே விளையாட்டு. என்னைவிட இருபது கோட்டை முன்னால் இருக்கிறார்!

என்ன சந்தோஷம் அது! இந்த உலகத்தில் இப்படி ஒரு பைத்தியம் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து சேர்ந்து ஆட ஆரம்பித்தோம். ஒருவர் கார்டை இன்னொருவர் ஒரு சண்டைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். அக்கா ஆடும்போது பார்க்க வேண்டும். “வா நைனா வா, உனுக்கு இன்னிக்கி இருக்குது” என்று பூதத்திடம் பேசுவார். ஆபீசில் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் “சரிங்க சார், சரிங்க மேடம்” சொல்கிற பெண்மணி. பூதங்களைத்தான் அவர் திட்ட முடிந்தது.

பேரணி ஸ்டேஷன் தாண்டினால் டவர் இருக்காது. பூதம் ஓங்கிய கையோடும் நாங்கள் தூக்கிய கத்தியோடும் அப்படியே உறைந்து நிற்போம். மயிலம் மலைக்கோயில் ஜன்னலில் தெரிகிற வரைக்கும் போன் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பத்து நிமிஷம்தான் நாங்கள் பேசிக்கொண்ட நேரம். ஆபீஸ் கதை, லேப் கதை, யார் வீட்டில் என்ன குழம்பு. அப்படி ஒரு பத்து நிமிஷத்தில்தான் அக்கா சொன்னார்:

“எனுக்கும் அவருக்கும் ஒத்து வரல. நான் அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். பாப்பா திருவெண்ணெய்நல்லூர்ல அவங்ககிட்ட இருக்குது. மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வர்றேன்.”

மேலே நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்ற நாகரிகம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், டவர் வந்துவிட்டது, பூதம் நகர ஆரம்பித்துவிட்டது, அதுதான் காரணம்.

அக்காவின் எட்டுக் கார்டில் ஏழு கார்டு சிங்கம் மாதிரி, அத்தனை பலம். எட்டாவது ஒன்று இருந்தது, பாருங்கள், அதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆரம்பத்தில் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒன்றாகச் சும்மா கொடுக்கிற உதவாக்கரைக் கார்டுகளில் ஒன்று. பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி ஜந்து, கண்ணை மூடிக்கொண்டு சுருண்டு தூங்கும். நடுவில் இடுங்கி ரெண்டு முண்டாக இருக்கும். கார்டுக்கு நாமே பேர் வைக்கலாம். அக்கா அதற்கு ஆங்கில எழுத்தில் ‘மல்லாட்டை’ என்று வைத்திருந்தார், எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஒருநாளும் அதைக் களத்தில் இறக்க மாட்டார். பலமும் ஏற்ற மாட்டார். ஆனால் எட்டில் ஓர் இடம் அதற்குத்தான்.

“ஏன்க்கா இந்தச் சொத்தையப் போயி வெச்சிகினு இருக்கீங்க? அந்த எடத்துல ஒரு நல்ல கார்டு போட்டா நாம எங்கயோ போயிடலாம்.”

“இருந்துட்டுப் போவுது வுடு” என்பார்.

நான் மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பேன். அவர் அதே பதிலைச் சொல்வார். கேலி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அப்புறம் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. பித்தப்பையில் கல். பாண்டிச்சேரியில் ஆபரேஷன், பத்து நாள் லீவு. அந்தச் சமயம் பார்த்து விளையாட்டில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது, முப்பது நாள் விடாமல் தினமும் உள்ளே போனவர்களுக்கு ஓர் அபூர்வக் கார்டு. அக்காவுக்கு இருபது நாள் முடிந்திருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு பேரும் பாஸ்வேர்டும் எழுதி என் கையில் திணித்தார்.

“ஆபரேஷன்னா போன எங்க பாக்கறது? நீ தெனம் உள்ள போயி கையெழுத்து மட்டும் போட்டுரு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்.”

கையெழுத்து மட்டும் என்றுதான் சொன்னார். நான் அதோடு நின்றிருக்க வேண்டும்.

நாலு நாள் யோக்கியமாகத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் கை அரித்தது. அக்காவின் தீக்குதிரை உச்சபலத்துக்கு ஒரே ஒரு படி பாக்கி. ஒரு கார்டைச் சேர்த்தால் போதும். ஆபரேஷன் முடிந்து வருகிற மனுஷிக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. எந்தக் கார்டைச் சேர்ப்பது? யோசிக்கவே இல்லை. உபயோகமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது ஒன்றுதானே? ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்றேன். ‘இந்தக் கார்டு திரும்ப வராது, நிச்சயமாகவா?’ என்று இன்னொரு தரம் கேட்டது. அப்போதும் ஆமாம் என்றேன். சர்ர்ரக் என்ற சத்தம். தீக்குதிரை தங்க நிறத்தில் பிடரி சிலிர்த்து நின்றது. எனக்கு ஒரே பெருமை.

அக்கா திரும்பி வந்த அன்று விக்கிரவாண்டி வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். உட்காரக்கூட விடவில்லை. “உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்குது, தொறங்க தொறங்க” என்றேன். திறந்தார். தங்கக் குதிரையைப் பார்த்து ஒரு கணம் சிரித்தார். பிறகு விரல் கார்டுகளைத் தள்ளிக்கொண்டே போனது. கடைசி வரைக்கும் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தள்ளினார்.

“மல்லாட்ட எங்க?”

“அதத்தான்க்கா குதிரைக்குள்ள...”

“எதுக்குள்ள?”

மெர்ஜ் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பேரணி வந்தது, மலை வந்தது. மயிலத்தில் இறங்கும்போது வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எப்போதும் நான்தான் பையை வாங்கிக் கீழே கொடுப்பேன். அன்று கையை நீட்டினேன், அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் அவரே சொன்னார். டவர் இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தில்.

“ரெண்டு வருசமா போறேன். முன்ரூம்ல உக்கார வெப்பாங்க. மாமியார் எதுர்லயே சேர் போட்டுக்கினு இருக்கும். ஒரு மணி நேரம். பாப்பா கதவு ஓரத்துல நிக்கும், கிட்டயே வராது. வான்னா உள்ள ஓடிப்பூடும். இன்னா பேசறது அதாண்ட? பள்ளிக்கூடம் போறியான்னா போறேங்கும், சாப்ட்டியான்னா சாப்ட்டேங்கும், அவ்ளோதான். ஒருநாளு சும்மா இந்த கேம தொறந்து வெச்சிகினு இருந்தேன். சத்தம் கேட்டு வந்திச்சி. வந்து மடியில ஏறி உக்காந்துக்கிச்சி. இந்தத் தூங்குமூஞ்சியப் பாத்துட்டு, மல்லாட்டம்மா மல்லாட்டன்னு ஒரே சிரிப்பு. அதுதான் பேரு வெச்சிது. சண்டைக்கு அனுப்பாதம்மா, அது கொழந்த, அடிபட்டுக்கும்னு சொல்லிச்சி. அப்பால போறப்பல்லாம், பஸ்ஸ விட்டு எறங்கி நான் தெருவுல வர்றப்பவே ஓடியாரும். மல்லாட்ட எழுந்துச்சாம்மா? இன்னும் தூங்குதாம்மா?”

எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. “எனக்குத் தெரியாதுக்கா, தெரியாதுக்கா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை யாராவது நாலு சாத்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். “உனுக்கு எப்டித் தெரியும், நான் சொன்னாத்தானே?” என்றார். ஆபரேஷன் ஆனவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

விளையாட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் போட்டு, குழந்தை, தாய், தவறு என்று பெரிய மெயில். ‘உங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து விளையாடுங்கள்’ என்று அடுத்த நிமிஷமே பதில் வந்தது. யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

வேறு ஒரு வழி செய்தேன். அந்த ஆரம்பக் கார்டு, புதுக் கணக்குத் தொடங்குகிறவர்களுக்குக் குலுக்கலில் வரும். என் கணக்கை, அத்தனை கோட்டை பிடித்து வைத்திருந்த கணக்கை, அழித்தேன். புதிதாகத் தொடங்கினேன். வேறு ஏதோ வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி தொடங்கினேன். லேபில் ரத்தக் குழாய்கள் மெஷினில் சுற்றுகிற நேரமெல்லாம் இதே வேலை. பல்லி வந்தது, ஆந்தை வந்தது, காளான் வந்தது. “இன்னா மேடம், எப்பப் பாத்தாலும் போனு?” என்று ஊசிக்குக் கை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அது வந்தது. அதே பழுப்பு, அதே தூக்கம். அதே எழுத்தில் மல்லாட்டை என்று பேர் வைத்தேன். ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் கார்டைக் கொடுக்க முடியாது, இரவல்தான். இரவல் கொடுக்கிற இடத்தில் அதை வைத்தேன்.

அக்காவிடம் காட்டியபோது அவர் கண் கலங்கிவிட்டது. “அதேதான், அச்சு அசலா அதேதான்” என்றார். இரவலாக எடுத்துத் தன் வரிசையில் எட்டாவதாக வைத்துக்கொண்டார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருவரும் நாள் எண்ணினோம். என் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதுகூட நான் அப்படி எண்ணவில்லை.

திங்கட்கிழமை அக்கா பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததும் நான் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

“இரவல் கார்டுக்கு மேல யாருதுன்னு பேரு போட்டிருக்கும்ல? நாம ரெண்டு பேரும் அத யோசிக்கவே இல்ல. பாப்பா இப்ப எழுத்துக் கூட்டி நல்லாப் படிக்குது. உன் பேரப் படிச்சிட்டு, இது நம்மளுது இல்லியேன்னுச்சி. நம்மளுதுதாம்மான்னேன். இல்ல, இது வேற யாரோ வெச்சிருக்கறது, நம்மளுத இன்னா பண்ணேன்னு கேட்டுச்சி. எனுக்குப் பொய் வரல. நடந்ததச் சொன்னேன். அழுவக்கூட இல்ல. போன என் கையில குடுத்துட்டு உள்ள பூடுச்சி. அப்பால வரவேயில்ல.”

அடுத்த மாதம் போனபோது பாப்பா டியூஷன் போயிருக்கிறது என்றார்கள். அதற்கு அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். அதற்கும் அடுத்த மாதம், “அதுக்கே வர இஷ்டமில்ல, நாங்க இன்னா பண்றது” என்று மாமியார் வாசலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த வீட்டுக்காரர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள், எதையாவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் பொரிந்து தள்ளினேன். அப்படி நினைத்தால் என் பாரம் கொஞ்சம் குறையும் இல்லையா? அக்கா தலையை ஆட்டினார்.

“யாரையும் சொல்லி இன்னா ஆவப் போவுது? அதுக்கும் எனுக்கும் பேசறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சி.”

அதற்குப் பிறகு அக்கா விளையாடவில்லை. எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், பேசினார், பூக்காரம்மாவோடு சிரிக்கக்கூடச் செய்தார். போனை மட்டும் வெளியில் எடுக்க மாட்டார். கொஞ்ச நாளில் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று பெட்டியில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார். ஒரு வருஷம் வரைக்கும் பொங்கல், தீபாவளிக்குப் பேசிக்கொண்டோம். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

நான் மட்டும் ஒன்றை விடவில்லை. துண்டுச் சீட்டில் இருந்த பாஸ்வேர்டு மனப்பாடம். தினமும் பேரணி வருவதற்குள் அக்காவின் கணக்கில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். எதையும் தொட மாட்டேன். அவர் என்றைக்காவது திறந்தால், ஒருநாள்கூட விடுபடாமல் இருக்கட்டும் என்று. முட்டாள்தனம்தான். செய்த காரியத்துக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள், விளையாட்டை நிறுத்தப்போகிறோம், இத்தனை வருஷ ஆதரவுக்கு நன்றி என்று ஓர் அறிவிப்பு வந்தது. கடைசி நாளும் போய்க் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் தொட்டால், சர்வர் இல்லை என்று ஒரு வரி. காடு, கோட்டை, பூதம், தங்கக் குதிரை, எல்லாம் போயிற்று. ஒரு போட்டோகூட எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பூக்காரம்மாவை இப்போது பார்ப்பதில்லை. அந்த லேப் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். முதல் பாசஞ்சரின் நேரத்தை மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது பதினெட்டு வயதாவது இருக்கும். எங்காவது தேடிப் பிடித்து, “தப்பு உங்கம்மா மேல இல்லம்மா, நான்தான்” என்று சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இப்போதுதான் போனில் யார் பேரைப் போட்டாலும் கிடைத்துவிடுகிறதே. ஒருநாள் உட்கார்ந்து, திருவெண்ணெய்நல்லூர் என்று அடித்துவிட்டு, மேலே என்ன அடிப்பதென்று தெரியாமல் நின்றேன். இரண்டு வருஷம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அக்கா பாப்பா, பாப்பா என்றே சொன்னார். அந்தக் குழந்தையின் பேர் என்ன என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.